நாத்தனாரின் கம்ப்யூட்டர்

நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் போகிற பஸ்கள் நிற்கிற இடத்துக்கு எதிர்வரிசையில் எனக்கொரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங். என் பெயர் கனகலட்சுமி. பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணமாகிப் பாதியில் நிறுத்தியவள். ஆனாலும் ஆராய்ச்சி மாணவர்கள் என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர்களுடைய ஆய்வேட்டின் பக்க எண்கள் என் கையில் இருந்தன அல்லவா. முன்னுரைக்கு ரோமன் எண், உள்ளே சாதாரண எண், பைண்டிங்குக்காக இடது ஓரத்தில் கூடுதல் இடம். இதையெல்லாம் பிசகாமல் செய்துகொடுப்பவள்தான் ஆராய்ச்சியில் பாதி என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். மீதிப் பாதியை மாணவரும் பேராசிரியரும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

கடைச் சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தேன். “காப்பி எடுத்து வைக்காதவர்கள் கடைக்குள் அழக்கூடாது.” வாசகம் என்னுடையதுதான். பென் டிரைவ் கெட்டுப்போய் முகம் வெளுத்து வந்து நிற்கிற பிள்ளைகளை அதற்குக் கீழே உட்கார வைத்துத்தான் உபதேசம் செய்வேன். வாடிக்கையாளர்களின் கோப்புகளைக் கடை சாத்துமுன் தனியாக ஒரு பென் டிரைவில் ஏற்றியும் வைப்பேன். அந்த மட்டில் நான் ஒழுங்கு. ஒழுங்கெல்லாம் அடுத்தவர் பொருளோடு நின்றுவிட்டது என்பதுதான் விஷயம்.

கடை ஆரம்பித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. முதன்முதலாகப் போட்ட அன்றே திரையில் ஒரு பெட்டி வந்து, என்றாவது நான் படுத்துவிட்டால் எழுப்புவதற்கு மீட்பு டிஸ்குகள் வேண்டும், இப்போதே எழுதிக்கொள்கிறாயா, பிறகா என்று கேட்டது. பிறகு என்பதை அழுத்தினேன். மறுநாளும் கேட்டது, மறுநாளும் அதையே அழுத்தினேன். இப்படிப் பல மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு ஒருநாள் அதுவே கேட்பதை விட்டுவிட்டது. எனக்கு அது வெற்றியாகத்தான் தெரிந்தது. என் கணவர் நல்லகாமன் தேங்காய் வியாபாரி. அவரிடம், “கம்ப்யூட்டரு நம்ம சொல்றதக் கேக்கணும்ங்க, அது சொல்றத நம்ம கேக்கக் கூடாது” என்று விளக்கியிருக்கிறேன். பெரிய தொழில் ரகசியம் கேட்டவரைப் போல அவர் தலையாட்டினார்.

அதே நாளில் அதே கடையில் அதே மாடலில் இன்னொரு கம்ப்யூட்டரும் வாங்க வைத்தேன். அது அவருடைய தங்கை முத்துச்செல்விக்கு. ஆனையூரில் இருக்கிறாள், எட்டாவது வரை படித்தவள். மகள் பவதாரிணியின் படிப்புக்கு உதவும் என்று வற்புறுத்தியது நான்தான். பின்னால் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச லேப்டாப் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம். மற்ற நாளில் ஓய்வு. “எங்க நாத்தனா கம்ப்யூட்டர ஓட்டல, குடிவச்சிருக்கா” என்று எந்த விசேஷ வீட்டிலும் நான் சொல்லாமல் விட்டதில்லை. எல்லாரும் சிரிப்பார்கள். முத்துச்செல்வியும் சேர்ந்து சிரிப்பாள்.

இந்த நிலையில்தான் மாதங்கி மேடம் வந்து சேர்ந்தார். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். வேலை, பிள்ளைகள், மாமனாரின் வைத்தியம் எல்லாவற்றுக்கும் நடுவே மதுரைப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றிப் பல வருடமாக ஆராய்ந்து ஒருவழியாக முடித்திருந்தார். அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிக்க வேண்டும். நான் பாதி வேலையில் இருந்தபோது ஒருநாள் காலை என் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து டிக் டிக்கென்று சத்தம் வந்தது. சாவி கொடுக்க வந்திருந்த நல்லகாமன் பல்லி சொல்கிறது என்று நினைத்துத் திசை பார்த்தார். எந்தத் திசைக்கு என்ன பலன் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

மேடத்தின் அத்தியாயங்கள் பென் டிரைவில் பத்திரமாக இருந்தன. போனது என்னுடையது. இத்தனை வருடம் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்த பக்க அமைப்பு மாதிரிகள், எழுத்துருக்கள் எல்லாம். நான் கடைக்குள் அழவில்லை. பின்பக்கம் பைண்டிங் அறைக்குப் போய் அழுதேன். அறிவிப்பு அந்த அறைக்குச் செல்லாது.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, சிம்மக்கல்லில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மருதுவிடம் கொண்டுபோனேன். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லிப் புதியது ஒன்றைப் பொருத்தினான். அதுவரை எனக்குப் பெரிய கவலையில்லை. கூடவந்த புத்தகத்தில் நான் வாசித்திருந்தேன், எஃப் லெவன் பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று, “தம்பி, எஃப் லெவன அமுக்குங்க, எல்லாம் தானா வந்துரும்” என்று சத்தமாகச் சொன்னேன். அமுக்கினான். ஒன்றும் வரவில்லை. நான் நகர்ந்துபோய் நானே அமுக்கினேன். அமுக்குகிற விதத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

மருது பொறுமையாகச் சொன்னான். “யக்கா, அந்த மீட்குற சமாச்சாரம் பழைய டிஸ்குலயே ஒரு ஓரமா இருந்துச்சு. டிஸ்கு போச்சுல்ல, அதுவும் சேந்து போச்சு. இது வெறும் டிஸ்கு. டிவிடி எழுதி வச்சிருப்பீங்கள்ல, அதக் குடுங்க.”

எழுதி வைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் இருக்கும், தேடவேண்டும் என்றேன். வேறு ஏதாவது விண்டோஸைப் போட்டு ஓட்டிவிடலாம் என்றான் அவன். கள்ளக் காப்பி வேண்டாம் என்று நான் மறுத்தேன். அதிலும் மாணவர்களுக்கு நிறைய உபதேசம் செய்திருக்கிறேன். கம்பெனியின் சேவை எண்ணுக்குப் போன் போட்டால், பாட்டுப் போட்டுக் காக்க வைத்து, கடைசியில் அந்த மாடல் நின்றுபோய்விட்டது, டிஸ்க் அனுப்புவதில்லை என்றார்கள். அதே மாடல் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று மருது கேட்டபோதுதான் பூப்போட்ட துணி என் கண்முன் வந்தது.

ஆனையூர் பஸ்ஸில் போகும்போது எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சும்மா பார்க்க வந்ததுபோல ஆரம்பித்து, பேச்சோடு பேச்சாக நுழைப்பதாகத் திட்டம். போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் திட்டம் மறந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முத்துச்செல்வி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“டிஸ்கு எழுதச் சொல்லிக் கேட்டுச்சே, அதையா சொல்றீங்க மதினி? நான் அன்னைக்கே எழுதிட்டேனே.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எப்படி எழுதினாய் என்றேன்.

“அது கேட்டுச்சு, செஞ்சேன். தட்ட வையின்னுச்சு, வச்சேன். எடுன்னுச்சு, எடுத்தேன். செய்யாம விட்டா வெடிச்சுக்கிடுமோன்னு பயமா இருந்துச்சு.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த டிஸ்குகள் எங்கே என்று கேட்டேன். மாடிக்குக் கூட்டிப்போனாள். மோர் மிளகாயும் கொத்தவரங்காய் வற்றலும் பாயில் காய்ந்துகொண்டிருந்தன. மேலே கொடியில் நூல் கட்டி மூன்று வட்டுகள் காற்றில் சுற்றி மின்னிக்கொண்டிருந்தன. காக்காய் அண்டாது என்றாள். வருடக்கணக்காக அங்கேதான் தொங்குகின்றனவாம். அவிழ்த்துத் துடைத்துப் பார்த்தோம். வெயில் தின்றது போக மிச்சமிருந்ததைப் பவதாரிணியின் லேப்டாப்பால் வாசிக்க முடியவில்லை.

சரி, மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று துணியை நீக்கி அவளுடைய கம்ப்யூட்டரைப் போட்டோம். பழுதில்லாமல் எழுந்தது. ஆனால் மீட்பு டிஸ்குகளை ஒரு முறைதான் எழுத முடியும், ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று சொல்லிவிட்டது. அவள் பேச்சுக் கேட்டு நடந்ததற்கும் பலனில்லை, நான் கேட்காமல் விட்டதற்கும் பலனில்லை. இரண்டு பேரும் மறுபடி மாடிக்குப் போய், வற்றல் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தோம். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

மருதுவுக்குப் போன் போட்டேன். அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தால் அதன் டிஸ்கை அப்படியே முழுதாக என்னுடைய புது டிஸ்கில் நகலெடுத்துவிடலாம், ஓரத்தில் இருக்கிற மீட்புப் பகுதியும் சேர்ந்து வந்துவிடும் என்றான். முத்துச்செல்வி கம்ப்யூட்டரைத் தனியாக அனுப்பச் சம்மதிக்கவில்லை. ஆட்டோவில் சிம்மக்கல் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டக்கூடாது என்று வாங்கின அன்று நான்தான் சொன்னேனாம்.

மருது இரண்டு டிஸ்குகளையும் கழற்றி மேசையில் வைத்தான். அப்போது ஒரு போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பியவன், இதில் எது புதுசு என்று கேட்டான். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். மாற்றி மாட்டினால் வெறும் டிஸ்கு நல்ல டிஸ்கின் மேல் நகலாகி இரண்டுமே காலியாகிவிடும். நான் கொஞ்சமும் தயங்காமல் ஒன்றைத் தொட்டு, “இதுதான் புதுசு” என்றேன்.

“இல்ல மதினி, அது எங்களுது. கழட்டுனதுல இருந்து நான் கண்ண எடுக்கல.”

மருது திருப்பி லேபிளைப் பார்த்தான். அவள் சொன்னது சரி. அதற்குப் பிறகு நகலெடுத்து முடியும்வரை அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேள்விகளெல்லாம் முத்துச்செல்விக்குத்தான் போயின.

என் கம்ப்யூட்டர் எழுந்தது. எஃப் லெவன் அமுக்கியதும் மீட்புத் திரையும் வந்தது. இந்தத் தடவை மருது விடவில்லை, முழு டிஸ்கையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து என் பையில் போட்டான். முதல் நாள் நிலைக்கு இப்போதே கொண்டுபோய்விடுவோமா என்று கேட்டான். மேடத்தின் அவசரம் நினைவுக்கு வந்தது. முத்துச்செல்வியின் நகலில் டைப் செய்கிற மென்பொருள் தயாராக இருந்ததால், வேலையை முடித்துவிட்டுச் செய்துகொள்கிறேன் என்றேன்.

ஆகவே அடுத்த சில நாட்கள் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், முத்துச்செல்வி என்ற பெயரோடு அது என்னை வரவேற்றது. பின்னணியில் பவதாரிணியின் காதுகுத்துப் படம். மொட்டைத் தலையோடு அவள் அழுதுகொண்டிருக்க, அதன்மேல் கண்மாய் மடைகளைப் பற்றிய அத்தியாயங்களை அடுக்கினேன். மாதிரிகள் போய்விட்டதால் புதுக் கோப்பு திறந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைத்தேன். குறித்த நாளில் மேடம் புத்தகமாகவும் கோப்பாகவும் சமர்ப்பித்துவிட்டார். நானும் எஃப் லெவனை அமுக்கி, கம்ப்யூட்டரை முதல் நாள் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

சில நாளில் மேடம் கடைக்கு வந்தார். முகம் சரியாக இல்லை. அவர் கொடுத்த கோப்பின் விவரங்களில் ஆசிரியர் பெயர் வேறாக இருக்கிறதாம், பல்கலைக்கழகத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம்.

“கனகலட்சுமி, யாரிந்த முத்துச்செல்வி? அவங்கதான் எனக்கு எழுதிக் கொடுத்தாங்களான்னு கேக்கறாங்க.”

எந்தக் கம்ப்யூட்டரில் கோப்பு புதிதாக உருவாக்கப்படுகிறதோ அதற்குரியவர் பெயர் ஆசிரியர் பெயராக உள்ளே பதிந்துவிடும். இது எனக்குத் தெரியும். மாணவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். மேடத்தோடு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய், ஓர் அதிகாரிக்கு முன்னால் நின்று, முத்துச்செல்வி என் நாத்தனார், ஆனையூரில் இருக்கிறாள், என் டிஸ்க் செத்துப்போனதால் அவள் டிஸ்கை நகலெடுத்தோம் என்று ஆரம்பித்தேன். சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் காக்காய், வற்றல், மாடிக்கொடி எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், அந்த அம்மா என்ன படித்திருக்கிறார் என்றார். எட்டாவது என்றேன். திருத்திய கோப்பைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பட்டம் கிடைத்த பிறகு மேடம் இனிப்போடு கடைக்கு வந்தார். அன்றைக்கு முத்துச்செல்வியும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தன் பெயர் போய்வந்த இடத்தைப் பற்றி நான் சொன்னதை எந்த அளவுக்கு எடுத்துக்கொண்டாளோ தெரியாது, புத்தகத்தைக் கையில் வாங்கியதும் ஒன்றுதான் கேட்டாள்.

“எங்க ஆனையூர் கம்மாயி இதுல இருக்காம்மா?”

இருக்கிறது என்று மேடம் பக்கத்தை எடுத்துக் காட்டி, அந்தப் பிரதியில் அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளுக்கே கொடுத்துவிட்டார். எனக்கொன்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டு என்ன செய்ய? அத்தனை பக்கத்தையும் நான்தான் அடுக்கினேன், ஒரு வரிகூட வாசித்ததில்லை. அதற்கு முன்னால் என் கை வழியாகப் போன ஆய்வேடுகளிலும் அப்படித்தான். ஓரங்களையும் எண்களையும் தவிர நான் எதையும் பார்த்ததில்லை.

முத்துச்செல்வி ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்திருந்தாள். நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவள் மெதுவாகத்தான் வாசித்தாள். பக்கம் திருப்புகிற ஒவ்வொரு முறையும், திருப்பலாமா என்று என்னைக் கேட்டாள்.