குரல் போனவருக்குக் காதும் போய்விட்டதா?

குரல்வளையை எடுத்த பிறகு என் கணவருக்குப் பேச்சு இல்லை. கழுத்தில் ஒரு துளை, கையில் எழுதிக் காட்ட ஒரு சின்ன வெள்ளைப் பலகை. மேரு வட்டாரத்தில் இருபது வருடம் லோரி ஓட்டியவர், ஹாரனுக்கும் மேலே கத்திப் பேசியவர். சிகரெட்டைத் தொட்டதில்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரை வைத்துக்கொண்டே, “சிகரெட் குடிப்பாரா?” என்று என்னிடம் கேட்டார்கள். வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இது அபூர்வமான வகைப் புற்றுநோய், கழுத்தோடு நிற்காது, தூரத்து உறுப்புகளுக்கும் போய்விடும் என்றார் டாக்டர். ஸ்கேனில் கல்லீரலிலும் இடுப்பெலும்பிலும் தெரிந்தபோது, இனிக் குணமாக்க முடியாது, கீமோ கொடுத்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று எங்களிடம் சொன்னார். அதை அவரிடமும் சொல்ல எழுந்த டாக்டரைக் கணவரின் அண்ணன் மறித்தார்.

“வேணாம் டாக்டர். தம்பி தாங்க மாட்டான். நாங்க பாத்துக்கிறோம்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். புண் ஆறுவதற்கு மருந்து என்று கணவரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.

கீமோ அவரை நாராகக் கிழித்துப் போட்டது. முதல் ஊசி போட்ட வாரமே, கொஞ்சம் தெம்பு இருந்தபோதே, ஜொகூரில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. ஊசியெல்லாம் முடியட்டும், பிறகு போய்ப் பேரனைப் பார்க்கலாம் என்று அவரே எழுதிக் காட்டினார். நான் சரி என்றேன்.

நாலாவது ஊசிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு ஹாலில், பார்க்க வந்த சொந்தக்காரரிடம் அண்ணன் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். “லிவருக்குப் போயிருச்சுலா. எலும்புலயும் இருக்கு. டாக்டரே கைய விரிச்சிட்டாரு.” இரண்டடி தள்ளி என் கணவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வாய் பேச முடியாதவனுக்குக் காதும் கேட்காது என்று எந்த மடையன் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்?

கணவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுதினார். “எப்ப தெரியும்?”

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

“முதல் ஊசிக்கு முன்னாடியே தெரியும்,” என்றேன் நான்.

பலகையைத் துடைத்தார். மருந்தில் விரல்கள் மரத்துப்போயிருந்ததால் எழுத வெகுநேரம் பிடித்தது. “கார்ல உக்காரத் தெம்பு இருந்தப்பவே சொல்லியிருந்தா பேரனப் போய் பாத்திருப்பேனே.”

அண்ணனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் என் கணவர் அந்தப் பலகையை என் பக்கம்தான் திருப்பினார்.