கறுத்த பியரும் நான் கழுவிய கிளாசும்

பியர் கிளாஸ் கழுவுவதில் ரொறன்ரோவில் என்னை வெல்ல ஆள் இல்லை என்று தொண்ணூறுகளில் நான் நம்பினேன். இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. நகரத்தின் நடுவில் ஓர் இங்கிலாந்துக்காரர் நடத்திய பப்பில், சமையலறைக்குப் பின்னால் எனக்கென்று ஒரு தொட்டி இருந்தது. கிளாசுக்குத் தனிப் பஞ்சு, தனித் துணி. எண்ணெய்ப் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கிளாசுக்குக் காட்டவே மாட்டேன்.

ஒரு மத்தியானம் முதலாளி இரண்டு கிளாசுகளோடு உள்ளே வந்தார். இங்கிலாந்திலிருந்து புதிதாக இறக்கிய கறுத்த ஏல் பியர் நாறுகிறது என்று இரண்டு பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். கிளாசை முகர்ந்தார், என்னைப் பார்த்தார். கழுவியது சரியில்லை, இனியும் இப்படி நடந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! வேலை போனால் ஸ்காபரோவில் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். ஆனால் ஊத்தைக்காரி என்ற பெயரோடு அந்தப் பப்பின் வாசலைத் தாண்ட மாட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், அந்தப் பியரில் ஒரு போத்தல் கொண்டுவரச் சொன்னேன்.

அங்கே சமைத்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

"பிள்ளை, உமக்கென்ன விசரே? நீர் உதைக் குடிக்கப் போறீரோ?"

"ஓமண்ணை, குடிக்கத்தான் போறன். அதுவும் கிளாஸ் இல்லாமல்."

அதுவரை ஒரு சொட்டு மதுகூட என் நாக்கில் பட்டதில்லை. போத்தலைத் தண்ணீர்ச் செம்பு போல உயர்த்தி, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றினேன். நுரை மூக்கால் வந்தது. அண்ணை சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கங்க் என்ற அந்த நாற்றப் பிராணி பீச்சிவிட்டுப் போன இடத்தில் வாயைத் திறந்தது போல இருந்தது.

"அண்ணை, உவரிட்டைச் சொல்லுங்கோ. இதிலை கிளாசே இல்லை, அப்பவும் நாறுது. இந்தப் போத்தல் எங்கை இருந்ததாம்?"

அண்ணை ஆங்கிலத்தில் கேட்டார். முதலாளி யன்னலைக் காட்டினார். ஆட்கள் பார்க்கட்டும் என்று, நிறமில்லாத அந்தக் கண்ணாடிப் போத்தல்களை அவரே ஒரு கிழமையாக வெயிலில் அடுக்கி வைத்திருந்தார்.

"கீழை பெட்டிக்குள்ளை இருக்கிறதிலை ஒண்டு எடுக்கச் சொல்லுங்கோ."

நிலவறையிலிருந்து வந்ததையும் அண்ணாந்து ஊற்றினேன், இம்முறை கொஞ்சம் மெதுவாக. அடடா! பாண் ரொட்டியின் கருகிய ஓரத்தைப் பனங்கட்டியோடு கடித்த மாதிரி ஓர் இனிப்பு, கடைசியில் மெல்லிய கசப்பு. நாற்றம் மருந்துக்கும் இல்லை. மற்றதைக் கெடுத்தது யன்னல் வெயில்தான். இன்னொரு வாயும் ஊற்றிக்கொண்டேன். அது சோதனைக்கு அல்ல.

மிச்சத்தை நான் கழுவி வைத்திருந்த கிளாஸ் ஒன்றில் வார்த்து முதலாளியிடம் நீட்டினேன். முகர்ந்தார், குடித்தார், அடிவரை குடித்தார். முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு என் தொட்டியடிக்கு வந்து, சட்டைக் கையை மடித்து, அந்தக் கிளாசைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

அவர் போகும்வரை மரியாதைக்குப் பொறுத்திருந்தேன். பிறகு அதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொரு தரம் கழுவினேன்.