குறையாமல் அடைத்த ரின்மீன்

1. பூட்டை வெட்டிய காலை

எங்கள் ஃபக்டரியின் பெரிய கேற்றை, பூட்டை வெட்டித்தான் திறந்தார்கள். சாவி யாரிடம் போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பதினாறு வருடம் பூட்டிக் கிடந்த இடம். உள்ளே போனதும் எனக்கு முதலில் வந்தது அந்தப் பழைய வாசம்தான். அவித்த மீனும் நீராவியும் இரும்பும் கலந்த வாசம். மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இருபது வயதில், மீனைத் தகரப் பேணியில் அடைக்கிற இந்த ரின்மீன் ஃபக்டரிக்கு வேலைக்கு வந்தனான். அப்போது வேலை முடிந்து லிங்கநகருக்குப் பஸ் ஏறினால் என் பக்கத்து சீற்றில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கண்டக்டர், "அக்கா ஏறினா பூனையளும் பின்னால ஏறுதுகள்" என்று பகிடி பண்ணுவார். கல்யாணமாகும்வரை தலைமுடிக்கு என்ன பூசினாலும் அந்த வாசம் போகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு போக்க வேண்டும் என்று தோன்றவுமில்லை, கட்டினவர் மீன்கறி இல்லாமல் சோறு தின்னாத மனுசன்தானே.

பிறகு வெளிநாட்டு ரின் மலிவாக வந்து குவிந்தது. எங்கள் ரின்னைக் கடைக்காரர்கள் வாங்கவில்லை. இப்படி ஒரு துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு, எந்தக் கடலிலோ பிடித்த மீனைக் கொள்கலனில் இறக்கித் தின்றோம். ஃபக்டரியைப் பூட்டினார்கள். நான் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் குசினிக்குச் சமைக்கப் போனேன்.

டொலர் இல்லாமல் நாடு தவித்த காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கப்பல் வரவில்லை, கடைத்தட்டில் ரின்மீனும் இல்லை. நாடு மெல்ல மெல்ல எழும்பத் தொடங்கியபோது, புதிய முதலாளி ஒருவர் எங்கள் ஃபக்டரியைக் குத்தகைக்கு எடுத்தார். அவருடைய மனேச்சர் சுகுமார் எனக்குப் போன் பண்ணினார்.

"அக்கா, சீமரும் ரிட்டோட்டும் தெரிஞ்ச ஆக்கள் ஊரில நீங்களும் றபீக் நானாவும்தான் மிச்சம். வாறீங்களோ?"

சீமர் என்றால் ரின்னுக்கு மூடியை மடித்து இறுக்குகிற மெசின். றபீக் நானா ரிட்டோட் பார்த்தவர். மூடிய ரின்களை நீராவியில் வேகவைக்கிற, கதவு வைத்த பெரிய இரும்புப் பானைதான் ரிட்டோட். பூட்டு வெட்டிய அன்று அவர் அதன் துருப்பிடித்த கதவைத் தொட்டு "பிஸ்மில்லா" என்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

2. நான் சொன்ன ஒரு சொல்

இருபது பெண்களைப் புதிதாக எடுத்தோம். கப்பல்துறை, உப்புவெளி, வெருகல் பக்கம் என்று பல ஊர். எல்லாரும் வீட்டில் மீன் வெட்டித் தேர்ந்தவர்கள். ஆனால் ஒருத்தியும் ஃபக்டரியில் வேலை செய்ததில்லை. என்னைச் சுப்பவைசர் ஆக்கினார்கள். எனக்கு அப்போது இருந்த மிதப்பைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நின்று பிரசங்கம் வைத்தேன்.

"பிள்ளையள், வெளிநாட்டு ரின்னைத் திறந்தா என்ன இருக்கும்? மூண்டு துண்டும் தண்ணியும். எங்கட ரின்னைத் திறக்கிற சனம் அப்பிடி ஏசக் கூடாது. குறையாமல் போடுங்கோ. விளங்குதோ? குறையாமல்!"

"ஓம் அக்கா" என்றார்கள்.

நிறுவைத் தராசு ஒன்றுதான் இருந்தது. அதில் நின்ற பிள்ளைக்கும் நான் சொன்னது அதேதான்: "குறைஞ்ச ரின்னை மட்டும் திருப்பி அனுப்பு."

ஆளுக்கு ஒரு மேசை. மூன்றாம் மேசையில் யோகம் நின்றாள். உப்புவெளிக்காரி. புருசன் வள்ளத்தில் போகிறவர். வேகமான கை, வாய்ப்பேச்சுக் குறைவு. அவளுடைய தட்டைப் பார்த்தால் மற்றவர்களுக்கு வெட்கம் வரும், துண்டுகள் அவ்வளவு அழகாக அடுக்கப்பட்டிருக்கும். இப்படி இன்னும் நாலு பேர் இருந்தால் போதும் என்று நானே மனேச்சரிடம் சொன்னேன்.

முதல் லொட் ரின்கள் சீமரால் இறங்கி, ரிட்டோட்டில் வெந்து, வெளியே வந்தன. றபீக் நானா ஒரு ரின்னை எடுத்து மோந்து பார்த்து, "மணம் பழைய மணம்தான் பிள்ளை" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் பக்கத்து சீற்று காலியாக இருந்தது. எனக்கு அது பெரிய சந்தோசம்.

3. வீங்கின மூடி

வெந்த ரின்னை உடனே கடைக்கு அனுப்புவதில்லை. பத்து நாள் சூட்டறையில் அடுக்கி வைப்போம். உள்ளே மீன் பழுதென்றால் காற்று உண்டாகி மூடி வீங்கும். வீங்கின ரின் என்றால் நஞ்சு என்றுதான் இந்தத் தொழிலில் கணக்கு.

பத்தாம் நாள் நானும் மனேச்சரும் கதவைத் திறந்தோம். ஒரு வரிசை ரின்கள் மேல் மூடி புடைத்து நின்றன. மேல் மூடியை விரலால் அமத்தினால் அடி மூடி 'டக்' என்று வெளியே வந்தது. தட்டைத் திருப்பிப் பார்த்தோம். எல்லாத் தட்டிலும் மூன்றாம் மேசையின் இலக்கம்.

மனேச்சருக்கு முகம் கறுத்துவிட்டது. அடுத்த கிழமை சுகாதாரப் பரிசோதகர் வருவதாக இருந்தது. முதல் லொட்டே நஞ்சென்று எழுதினால் கேற்றுக்குத் திரும்பவும் பூட்டுத்தான். "ஐஸ் இல்லாம மீனை வெளியில வச்சிருக்கிறா. வேற என்ன?" என்றார்.

எனக்கும் அதுதான் பட்டது. பட்டது மட்டுமல்ல, நான் நேரே மூன்றாம் மேசைக்குப் போனேன். இருபது பேரும் நின்ற இடத்தில், அதுவரை 'நீங்கள்' என்று கதைத்த வாயால் கத்தினேன்.

"நாறின மீனை அடைச்சுப் போட்டு நிக்கிறியே, உனக்கு வெக்கமில்லையோ? சனம் சாகட்டும் எண்டோ நினைச்சனீ?"

யோகம் என்னைப் பார்த்தாள். "அக்கா, அது அண்டைக்கே பிடிச்ச பச்சை மீன். என்ர மனுசன் பிடிச்ச மீனும் அதுக்குள்ள இருக்கு" என்றாள். கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் வீட்டுக்குப் போய்ச் சேர முதலே கதை போய்ச் சேர்ந்துவிட்டது. இருபது பெண்கள், அத்தனை ஊர். மறுநாள் உப்புவெளிக் கரையில் அவளுடைய புருசன் மீனை இறக்க, கூறு கூறாக மீன் எடுக்கிற வியாபாரி "ஃபக்டரியில நாறினதும் உங்கட மீன்தானாமே?" என்று கேட்டுவிட்டு அடுத்த வள்ளத்துக்குப் போயிருக்கிறார். இதை எனக்குச் சொன்னவர் றபீக் நானா.

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. "நீ அந்த ரின்னைத் திறந்து பாத்தியோ?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. சுப்பவைசருக்குத் திறந்து பார்க்கிற அளவுக்குப் பொறுமை எங்கே!

குசினிப் பக்கம் கொண்டுபோய் ஒன்றைத் திறந்தேன். பழுதான ரின் என்றால் துளை விழும்போதே 'உஸ்' என்று காற்று வரும். வரவில்லை. நாற்றமும் இல்லை. மீன் நன்றாக இருந்தது. ஆனால் மேல் துண்டின் சதையில் மூடியின் வட்டம் அச்சுக் குத்தினமாதிரிப் பதிந்திருந்தது. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படியே. கழுத்துவரை மீன்.

எனக்கு விளங்கிவிட்டது. அடுக்கின மீன் முதல் ஆவியில் சுருங்கும். மேலே ஒரு நக அகலம் வெறுமை விழும். அதன் பிறகுதான் உப்புத் தண்ணி விட்டு மூடுவோம். அந்த வெறுமையை அந்தக் காலத்தில் 'மூச்சு' என்போம். மூச்சு இல்லாமல் மூடினால் ரிட்டோட் சூட்டில் மீன் மூடியைத் தள்ளும். மூடி புடைக்கும். சூட்டோடு வெளியே வரும்போது எல்லா ரின்னுமே கொஞ்சம் புடைத்திருக்கும் என்பதால் அன்று ஒருவரும் கவனிக்கவில்லை. பழுது ஒன்றுமில்லை, இடம்தான் இல்லை. யோகம் சுருங்கின இடத்தைக் குறை என்று நினைத்து, ரின்னுக்கு ரின் இன்னொரு துண்டை அமத்தி வைத்திருக்கிறாள். மூச்சைப் பற்றி நான் ஒருத்திக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. குறையாமல் என்று மட்டும்தான் சொன்னேன். தராசிலும் குறைந்ததை மட்டும்தான் பிடிக்கச் சொன்னேன். கூடினதை யார் பிடிப்பது?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இங்கே அமிர்தம் நஞ்சாகவில்லை, நஞ்சென்று பெயர் மட்டும் எடுத்தது. அந்தப் பெயரை வைத்தவள் நான்.

4. உப்புவெளிக்குப் போனது

மனேச்சரிடம் திறந்த ரின்னைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப பரிசோதகருக்கும் இதையே திறந்து காட்டலாம். யோகத்தையும் திரும்பி வரச் சொல்லுங்கோ" என்றார். நான் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன் என்றதும் தலையை ஆட்டினார். "அது வேண்டாம் அக்கா. சுப்பவைசர் எண்டு ஒரு மதிப்பு இருக்கெல்லோ. அவவிட்டத் தனியச் சொன்னாப் போதும்."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

உப்புவெளிக்கு யோகத்தின் வீட்டுக்குப் போனேன். கதிரை எடுத்துப் போட்டாள். தேத்தண்ணி தந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன். புருசன் வலையைத் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே யோசிச்சனான் அக்கா, மீன் நாறேல்லையே எண்டு" என்றாள் யோகம். "சரி. எனக்குக் கோவமில்லை."

"அப்ப நாளைக்கு வாங்கோவன்."

"ஏலாது."

"ஏன்? இப்பதானே கோவமில்லை எண்டனீங்கள்?"

"நீங்கள் இஞ்ச வந்து சொல்லுறீங்கள். ஏசினது அங்கயெல்லோ."

தேத்தண்ணி ஆறிப்போனது. புருசன் தலை நிமிராமலே, "அவ சொல்லுறது சரிதானே ரீச்சர்" என்றார். நான் ரீச்சர் இல்லை. அதைத் திருத்தாமலே எழும்பி வந்தேன்.

மறுநாள் காலை லைன் தொடங்க முதல் மூன்றாம் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன், ஏன் என்று தெரியாது. பத்தொன்பது பேர். கதவடியில் மனேச்சர். ரிட்டோட் பக்கம் றபீக் நானா.

"யோகம் போட்டது நல்ல மீன்" என்றேன். "நாறினது என்ர வாய்தான். கூடப் போட்டா என்ன நடக்கும் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லித் தரேல்லை. அவ நான் சொன்னதைச் செய்தவ. நான்தான் அவவை நாறின மீன்காரி ஆக்கினனான்."

வெருகல் பக்கத்துப் பெண் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். பூட்டை வெட்டின நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்த இடத்தில் நான் ஒரு வேலைக்காரியாக நிற்கிற மாதிரி இருந்தது.

அந்தக் கதையும் பஸ் ஏறியது. இந்தமுறை நல்ல வேகமாகவே போனது. அடுத்த நாள் கரையில் வியாபாரி திரும்ப வந்து கூறு எடுத்தாராம். அதற்கு அடுத்த நாள் யோகம் வந்தாள். கையுறையை மாட்டினாள். ஆவியில் சுருங்கின ரின்னைக் கையில் எடுத்து, மேலே விழுந்த வெறுமையைப் பார்த்தாள். இன்னொரு துண்டு வைக்கக் கை போனது. பிடித்துக்கொண்டாள்.

"மனம் கேக்குதில்லை அக்கா" என்றாள்.

நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஃபக்டரி ஓடுகிறது. எங்கள் ரின் கடைத்தட்டில் நிற்பதைக் கண்டால் தேவையில்லாமல் ஒன்று வாங்குகிறேன். புதிதாகச் சுப்பவைசர் ஆகிற பிள்ளைகள் ஏதாவது சொல்லுங்கோ என்று கேட்டால், சீமரைப் பற்றியோ ரிட்டோட்டைப் பற்றியோ நான் சொல்வதில்லை. அதைப் படித்துக்கொள்ளலாம். ஏச வேண்டி வந்தால் நிற்கிற இடத்தைப் பார்த்து ஏசுங்கள் என்கிறேன். மன்னிப்புக் கேட்கவும் அதே இடத்துக்குத்தான் வர வேண்டியிருக்கும்.