நடேசன் வீட்டு பிரஸ் மீட்

செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் நடேசனின் குரலுக்குப் பயந்து காக்காய்கூட அவன் வீட்டு ஜன்னலில் உட்காராது என்பார்கள். அவன் பேச ஆரம்பித்தால் ஸ்டேஷனில் அறிவிப்பு செய்கிற அம்மாள் மைக்கை அணைத்துவிட்டுக் காது கொடுப்பாளாம். ஒருதரம் காசிப்பேட்டை பாசஞ்சர், அவன் போட்ட சத்தத்தை கார்டு விசில் என்று நினைத்துக்கொண்டு, ஏறவேண்டியவர்களை விட்டுவிட்டுக் கிளம்பியே போய்விட்டதாம். பாசஞ்சர் விஷயத்தில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. மற்றதெல்லாம் அப்பட்டமான உண்மை.

ஆனால் அந்தக் குரல் அவனுடையது இல்லை, வீட்டில் மட்டும் போட்டுக்கொள்கிற இரவல். அதுதான் சங்கதி. அவன் தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து வந்து ஒர்க் ஷாப்பில் சேர்ந்தார். அப்புறம் அப்பா. அப்புறம் இவன். வண்டிகளுக்குப் பிரேக் சரிபார்க்கிற வேலை. அங்கே சூப்பர்வைசர் வெயிலை மழை என்றாலும், அந்த ஊர் உருதில் "ஹவ் சார்", அதாவது ஆமாம் சார், என்று குடை தேடுகிற மனிதன் இவன். கூட வேலை செய்கிற ஃபெலிக்ஸ் அதற்காகவே இவனைச் சீண்டுவான். "வூட்ல அவ்ளோ சவுண்டு உடறியே, இங்க கைக்கு பாய், இன்னாத்துக்கு சைலன்ட்?" என்பான். நடேசன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருப்பான்.

வீட்டுக்கு வந்தால் ஆளே வேறு. மற்றவர்கள் சாமி படம் மாட்டுகிற சுவரில் அவன் வாய் உள்ளவர்களை ஒட்டி வைத்திருந்தான். தேர்வாளர்கள் முகத்துக்கு நேரே "கண்ணாடியைத் துடைச்சிட்டு மேட்ச் பாருங்க" என்று சொன்ன விக்கெட் கீப்பர் ஒருவர். விருது மேடையில் ஏறி, தன்னைப் படப்பிடிப்பில் கை நீட்டி அடித்த டைரக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நடிகை ஒருத்தி. கூட்டத்திலிருந்து நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடு மைதானத்தில் உட்கார்ந்துவிட்ட வெளிநாட்டு ஃபுட்பால்காரர் ஒருவர். மெடல் வாங்கினால் மட்டும் அந்தச் சுவரில் இடம் கிடைக்காது.

"மெடலு எவன் வேணா வாங்குவான். வாங்கினப்புறம் வாயத் தொறக்கறானா பாரு" என்பான்.

"இத்தினி வாயி சொவத்துல கீதே, ஒண்ணாவது போயி கொத்தமல்லி வாங்கினு வருதா?" என்பாள் அவன் பெண்டாட்டி கனகவல்லி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு ஆனதும் பிரஸ் மீட் தொடங்கும். குழம்புக் கரண்டியைக் கழுவி மைக் ஆக்கிக்கொள்வான். இன்றைக்கு அந்த விக்கெட் கீப்பர், அடுத்த வாரம் அந்த நடிகை. குரல், கை ஆட்டம், தலையைச் சாய்க்கிற சாய்ப்பு எல்லாம் அச்சு அசல். கேள்வி கேட்கிற நிருபர் மகள் தாரிணி. பால் பல் விழுவதற்கு முன்பே அவளுக்கு அந்த உத்தியோகம். கொஞ்சம் வளர்ந்ததும் கரண்டி அவள் கைக்குப் போயிற்று. பதில் சொல்கிறவள் அவள், குடைகிறவன் நடேசன். "மேடம், இந்தத் தோல்விக்கு யார் பொறுப்பு?" "மேடம், உங்க கோச் தூங்கறார்னு சொல்றாங்களே?" ஒரே ஒரு சட்டம். "நோ கமென்ட்" என்று சொன்னவர் பாத்திரம் தேய்க்க வேண்டும். அந்தப் பெண் ஒருநாளும் தேய்த்ததில்லை. கனகவல்லிக்கு அதில் தனிக் கோபம்.

தாரிணி காலும் வாயும் ஒரே வேகத்தில் வளர்ந்தன. நூறு மீட்டர் தடை ஓட்டம். காலேஜில் சேர்ந்த வருஷமே மாநில அணிக்கான தேர்வு ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அணியில் சேர்ந்து தேசியப் போட்டியில் ஓடினால் ரயில்வேயிலேயே விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். மகள் தன்னைப்போல எண்ணெய்க் கையோடு இல்லாமல் ஃபேனுக்கு அடியில் உட்காருவாள் என்று நடேசன் கனவிலேயே அவளுக்கு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தான்.

தேர்வு ஓட்டத்தில் திருமுல்கேரியைச் சேர்ந்த ஸ்வரூபா முதலில் வந்தாள். தாரிணி இரண்டாவது. அணியில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஆனால் பட்டியல் ஒட்டினபோது தாரிணி பெயர் இருந்தது, ஸ்வரூபா பெயர் இல்லை. அந்த இடத்தில் மாநிலத் தடகளச் சங்கத்துப் பெரிய மனிதர் ஒருவரின் தங்கை மகள் இருந்தாள். ஸ்வரூபா பட்டியலை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு யூடியூப் சேனல்காரன் தாரிணி முகத்துக்கு முன்னால் மைக்கை நீட்டி, "செலக்ஷன் எப்படி மேடம்?" என்று கேட்டுவிட்டான்.

மைக்கைப் பார்த்தால் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டுமே பழகின பெண். சொன்னாள், சுத்தமான தெலுங்கில்.

"ஸ்வரூபா என்னைவிட முன்னால் வந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நான் ஓடினேன். லிஸ்டில் இருக்கிற அந்த இன்னொரு பெண்ணை நான் கிரவுண்டில் பார்க்கவில்லை. வாசலில் நின்ற காரில் பார்த்தேன். ஏ.சி. போட்டுக்கொண்டு மாம்பழ ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் குடித்தாள். அதற்குப் போட்டி வைத்தால் நானே கை தட்டுவேன்."

மறுநாள் காலைக்குள் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ஒர்க் ஷாப்பில் நடேசன் கையில் போன் நிற்கவில்லை. வேகனுக்கு அடியில் படுத்திருந்தவனையும் காலைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

"நம்ப பொண்ணுடா! கேளு, அந்த ஜூஸ் மேட்டரைக் கேளு!"

"சொவத்துல ஒட்டிடு பாய்" என்றான் ஃபெலிக்ஸ்.

"எடம் வுட்டுக்கினுதான் கீறேன்."

சாப்பாட்டு நேரத்துக்குச் சங்கச் செயலாளர் ஸ்ரீகாந்த் போன் செய்தார். திட்டவில்லை, மிரட்டவில்லை. தெலுங்கில் தேன் ஒழுகப் பேசினார். "குழந்தை உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டது. நமக்கெல்லாம் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீம் ரயிலேறுகிறது. அதற்குள் மன்னிப்புக் கேட்டு ஒரு சின்ன வீடியோ. கேட்காவிட்டால் இன்னொரு பெயரை எழுதவேண்டி வரும், எனக்கே கஷ்டமாக இருக்கும்."

"ஹவ் சார்" என்றான் நடேசன். அந்த "சார்" வெளியே வந்தபோது குரல் நூலாகிப் போயிருந்தது.

வீட்டில் அவன் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தான். தாரிணி ஷூவிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"நக்கோ நைனா, முடியாது. நான் பொய்யா சொன்னேன்?"

"பொய்யின்னு யாருமா சொன்னாங்க? ஒரு சாரி. மூச்சு வுடற நேரம். அப்புறம் நீ ஓடு, ஜெயி, பெரிய ஆளாவு. அப்பால பேசு, ஊரே கேக்கும்."

"அப்பால ஸ்வரூபா ஓட முடியுமா?"

"அவளுக்கு அவங்க வூட்ல பாத்துக்குவாங்க."

"அவங்க வூட்ல அம்மா மட்டும்தான் கீறாங்க. அந்த ஃபுட்பால்காரன் கீழ குந்துனானே, அவனோட நைனா போன் பண்ணி எழுந்துருடான்னு சொல்லியிருந்தா அவன் போட்டோவ ஒட்டியிருப்பியா?"

நடேசனுக்குச் சுருக்கென்றது. "அவனுக்கு நாலு நாட்டுல வூடு கீது. நமக்குக் கவர்மென்ட் குவார்ட்டர்ஸ்" என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான பதில் என்று அவனுக்கே கேட்டது.

கனகவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஊர் வண்டிக்கெல்லாம் பிரேக் பாக்கற மனுஷன், பெத்த பொண்ணு வாய்க்குப் போட மறந்துட்டீங்க. இப்ப கூவி இன்னா பண்றது?"

வெள்ளிக்கிழமை நடேசன் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாமல், பஸ் பிடித்துச் சங்க ஆபீஸுக்குப் போனான். கிருதாவில் எண்ணெய், இஸ்திரி போட்ட சட்டை. ஸ்ரீகாந்த் டீ வரவழைத்தார். "மகள் வரவில்லையா? பரவாயில்லை. அப்பா சொன்னால் இன்னும் நல்லது. ரெண்டு வார்த்தை போதும்" என்று தன் போனை எதிரே நிறுத்தினார்.

ரெண்டு வார்த்தை போதும் என்றுதான் அவர் சொன்னார். நடேசன் என்ன செய்வான், எதிரே கேமரா இருக்கிறது. ஏதோ படத்தில் பார்த்த ஏழைத் தகப்பன் குரல் ஒன்று அவனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கை கூப்பினான். தொண்டையை அடைத்துக்கொண்டான். "தெரியாம பேசிட்டா சார், மன்னிச்சிடுங்க" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை.

"அன்னைக்கு வெயில்ல என் பொண்ணுக்குக் கண்ணு இருட்டிக்கிச்சு சார். யாரு முன்னால வந்தாங்க, யாரு பின்னால வந்தாங்கன்னே அவளுக்குத் தெரியல. யாரோ சொல்லிக் குடுத்ததை அப்படியே சொல்லிட்டா."

யாரும் கேட்காத வரி. அவனாகக் கையிலிருந்து போட்டது. ஸ்ரீகாந்த் முகம் தாம்பாளம் மாதிரி மலர்ந்தது. எழுந்து வந்து தோளைத் தட்டிக்கொடுத்து, அணியின் நீல உடுப்பைக் கையில் கொடுத்து அனுப்பினார். முதுகில் தாரிணி பெயர் போட்டிருந்தது.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் ஸ்வரூபா உட்கார்ந்திருந்தாள். ஒல்லியாக, உயரமாக, முழங்காலில் பழைய தழும்போடு. பக்கத்தில் தாரிணி. இருவருக்கும் நடுவில் போன். அதற்குள் வீடியோ வந்துவிட்டிருந்தது. ஸ்வரூபாவின் கோச் மேலிடத்துக்குப் புகார் அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை வீடியோ காலில் விசாரணை. அவளோடு ஓடினவர்களில் சாட்சி சொல்கிறேன் என்று முன்வந்தவள் தாரிணி ஒருத்திதான். இப்போது அந்தச் சாட்சிக்குக் கண் இருட்டிவிட்டது.

ஸ்வரூபா எழுந்து நின்றாள், பெரியவர் வந்தால் எழுந்து நிற்கிற மாதிரியே. "அங்கிள், நீங்க அன்னைக்கு கிரவுண்டுக்கு வந்திருந்தீங்களா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"இல்லம்மா... டூட்டி."

"சரி அங்கிள்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

தாரிணி உடுப்பைத் தொடவில்லை. அது நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சது நைனா" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் சாப்பிட்டாள், குளித்தாள், துணி மடித்தாள், அவனோடு மட்டும் பேசவில்லை.

சனிக்கிழமை ஒர்க் ஷாப்பில் எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். சூப்பர்வைசரே வந்து, "நல்ல காரியம் செய்தாய். பொறுப்பான தகப்பன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவனைப் பாராட்டினது அதுதான் முதல் தடவை. ஃபெலிக்ஸ் மட்டும் சீண்டவில்லை. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தான்.

ஞாயிறு. கறிக்குழம்பு கொதித்தது. யாரும் கரண்டியைக் கழுவவில்லை. தாரிணியின் பை கட்டாமல் கிடந்தது. "சாயங்காலம் வண்டி. போறேனா இல்லியான்னு அவளும் சொல்ல மாட்டேங்கறா, நீங்களும் கேக்க மாட்டேங்கறீங்க" என்றாள் கனகவல்லி.

நடேசன் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "புடி. நான் பேசறத எடு."

முதல் தடவை விக்கெட் கீப்பர் குரல் வந்துவிட்டது. "தேர்வாளர்களே!" என்று விரலை ஆட்டினான். கனகவல்லி போனை இறக்கினாள். இரண்டாவது தடவை அந்த நடிகையின் தலைச்சாய்ப்பு. மூன்றாவது தடவை கும்பிட்ட கையோடு ஏழைத் தகப்பன் திரும்பி வந்தான்.

"யாரு யாரோ வர்றாங்க, உங்களக் காணமே" என்றாள் அவள். "ஒர்க் ஷாப்புல எப்டிப் பேசுவீங்களோ அப்டிப் பேசுங்க."

நடேசன் உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டான். பிறகு நூல் மாதிரி, அரைகுறைத் தெலுங்கில், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னான்: "நான் நடேசன். தாரிணியோட அப்பா. வெள்ளிக்கிழமை நான் சொன்னது பொய். என் பொண்ணுக்குக் கண்ணு இருட்டல. ஸ்வரூபா முதல்ல வந்ததை அவ பார்த்தா. பயத்துல நானா சேர்த்துச் சொன்னேன்."

வாசற்படியில் தாரிணி நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாளோ.

"இத அனுப்பினா நான் வண்டி ஏற முடியாது. தெரியுமா நைனா?"

"தெரியும்."

"வேலைக்கு மனுவும் போட முடியாது."

"தெரியும்மா."

அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று மனசின் ஒரு மூலை இன்னும் காத்துக்கொண்டிருந்தது. அவள் சொல்லவில்லை. வண்டி, அணி, அந்த நீல உடுப்பு எல்லாம் அவளுக்கும் வேண்டித்தான் இருந்தது. நடேசன் ஸ்வரூபாவுக்கு அனுப்பினான். பிறகு ஸ்ரீகாந்துக்கு.

குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்து கனகவல்லி உள்ளே ஓடுவதற்குள் போன் அடித்தது. திரையில் ஸ்ரீகாந்த் பெயர். அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. தாரிணி எடுக்கக் கை நீட்டினாள். நடேசன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சுவரைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி காதில் வைத்தான்.

"சொல்லுங்க சார்... ஆமா சார், நான்தான் பேசினேன். இல்ல சார், யாரும் சொல்லிக் குடுக்கல."