பச்சையை நம்பாத சகாயமேரி

சகாயமேரி இறந்த செய்தி திங்கட்கிழமை காலை வந்தது. பிள்ளையார்பாளையத்தில் ஒருவரிடம் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். சகாயமேரியின் தம்பி கைபேசியில் அழைத்தார். "அக்கா பூடுச்சுண்ணா. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு, ஆட்டோ வர்றதுக்குள்ள..." மதியத்துக்குள், சகாயமேரி முன்பு வேலைபார்த்த மென்பொருள் நிறுவனத்தின் இரங்கல் செய்தி கைபேசிகளில் சுற்றத் தொடங்கியது. "எல்லோரையும் அனுசரித்துப் போனவர்" என்று அதில் எழுதியிருந்தார்கள்.

அவரை அறிந்த உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது.

ஐயம்பேட்டையிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வந்து, மற்றவர்கள் எழுதிய கணினி நிரல்களில் பிழை தேடுவது அவருடைய வேலை. நிரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகளைக் கணினியே வரிசையாக ஓட்டிவிடும். தேறினால் திரையில் பச்சை, தவறினால் சிவப்பு. பச்சையைக் கண்டால் அவருக்குச் சந்தேகம் வரும். நிரலை வேண்டுமென்றே ஓரிடத்தில் உடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார். "ஒரு வாட்டியாவது செவப்பு காட்டாத டெஸ்ட்ட நான் நம்ப மாட்டேண்ணா. அது முழிச்சிக்கினு இருக்குதா, தூங்கிக்கினு இருக்குதான்னு எப்டித் தெரியும்?"

ஒரு மருத்துவமனைக்காக அந்த நிறுவனம் செய்த மென்பொருளின் அறிமுகத்துக்கு, அங்குள்ள மருத்துவரோடு எங்களைப் போன்ற நிருபர்களையும் அழைத்திருந்தார்கள். நோயாளியின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் செவிலியர் மேசையில் அலாரம் அடிக்க வேண்டும். மறுநாள் அது வார்டுக்குப் போகவிருந்தது. திரை முழுக்கப் பச்சை. மேலாளர் கைதட்டலுக்குக் காத்திருந்தபோது, பின்வரிசையிலிருந்து சகாயமேரி எழுந்து வந்தார்.

நிரலை ஓட்டாமலே வரிவரியாகப் படித்துக் குறை சொல்லும் கருவி ஒன்று உண்டு. அலாரப் பகுதியில் அது காட்டிய எச்சரிக்கையை, இனி காட்ட வேண்டாம் என்று யாரோ அமுக்கிவிட்டதாகச் சொன்னார்.

"மேரிம்மா, இதெல்லாம் உள்ள பேசிக்கலாம்" என்றார் மேலாளர்.

"உள்ள பேசி மூணு வாரம் ஆவுதுப்பா. உன் காதுலதான் அலாரம் அடிக்கல."

அலாரத்தை அடிக்கவைக்கும் வரியை எல்லோர் கண்ணெதிரிலும் அழித்தார். சோதனைகளை மறுபடி ஓட்டினார். ஒவ்வொன்றாகப் பச்சை. கடைசிவரை பச்சை. "டாக்டர், இப்ப இதுல அலாரமே கெடயாது. ஆனா எல்லாம் பாஸ்."

மருத்துவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இது என் வார்டுக்கு வராது."

குறையைச் சரிசெய்து, ஒழுங்கான சோதனைகள் எழுதிய பிறகே அது வார்டுக்குப் போனது. விருந்தினர் முன்னால் உண்மையைச் சொன்னதற்காகச் சகாயமேரியை அந்த வாரமே வேலையைவிட்டு நீக்கினார்கள்.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. அவரிடமே கேட்டேன். "இன்னான்னு எழுதச் சொல்ற? அலாரம் அடிச்சுதுன்னா?" என்றார். கடைசிவரை வீட்டிலிருந்தபடியே வேறு நிறுவனங்களின் மென்பொருள்களை உடைத்துக்கொண்டிருந்தார்.

என் செய்திகளையும் விட்டுவைக்கவில்லை. "இதுல எந்த வரிய எடுத்தா ஒடையும், சொல்லுண்ணா. எத எடுத்தாலும் ஒடையலன்னா எதுக்கு எழுதின?" அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன், நீக்கத்தைப் பற்றி நிறுவனத்தின் பதிலைக் கேட்க நேற்று அழைத்தேன். "அஞ்சலிதானே சார், அத வேற எழுதணுமா?" என்றார்கள். அவரை நீக்கியதைச் சொல்லும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை, அலார வரியை அவர் அழித்த அன்றுபோலவே. முழுக்கப் பச்சை.

வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.