அத்தானின் நூற்றிருபது

என் அக்கா கணவர் பொய்ப்பல் செய்கிறவர். எங்கள் ஊரில் பல பெரியவர்கள் மென்று சாப்பிடுவது அவர் புண்ணியத்தில்தான். வேலையில் ஒரு மயிரிழை பிசகினாலும் உடைத்துவிட்டுத் திரும்பச் செய்வார். அந்த நிதானத்தைப் பல் பட்டறையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வருவார் போல. அவரிடம் இருபது வருடப் பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. வேகத்துக்கு டர்போ வைத்து, சைலன்சரை மாற்றி, அதைச் செய்த கம்பெனிக்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கியிருந்தார். அக்கா அதில் ஏறியது ஒரே ஒரு முறை, கல்யாணமான வருடம். இறங்கியதும் வாந்தியெடுத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு பஸ்தான்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பிய அன்று, அந்தக் காரில்தான் அழைத்துப் போக வந்தார். சிக்னலில் பச்சை விழுந்ததும் மிதித்தார். மூன்றாவது கியரில், இரும்பு வாளிக்குள் ஜல்லி கொட்டிய மாதிரி ஒரு சத்தம். பிறகு சத்தம் மட்டும் இருந்தது, வேகம் இல்லை. இரண்டாவது கியரிலேயே வீட்டுக்கு உருட்டினோம். சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனார்.

வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

"போச்சா?" என்றாள் அவரிடம்.

"கியர்பாக்ஸ் மட்டும்தான்."

"போன தடவை கிளட்ச் மட்டும்தான். வித்துடுங்க. நீங்க வேலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு என்னால உக்கார முடியல."

அத்தான் யோசித்தார். "வேற கியர்பாக்ஸ் மாட்டறேன். ஒரே ஒரு தடவை பக்கத்துல உக்காந்து வா. நீ பயந்தேன்னா மறுநாளே வித்துடறேன்."

"சொன்ன வார்த்தை மாறக் கூடாது. இவதான் சாட்சி." அப்போதுதான் அக்கா என்னைப் பார்த்தாள். "நீ எப்படி இவ்வளவு கறுத்த?"

மறுநாள் மெக்கானிக் வந்தார். அவரும் அத்தானுமாகக் காரை முட்டுக்கொடுத்துத் தூக்கி, முன்சக்கரங்களைக் கழற்றி, ஆக்சில்களை உருவி, கியர்பாக்ஸை ஜாக்கியில் இறக்கினார்கள். வடித்த ஆயில், இரும்புத் தூள் கலந்து, ஜிகினா போட்ட மாதிரி மின்னியது. அத்தான் கியர்களிலிருந்து உடைந்த இரும்புப் பற்களைப் பொறுக்கித் துடைத்து, பட்டறையிலிருந்து கொண்டு வந்த ரோஸ் நிற மெழுகில் வரிசையாகப் பதித்தார். பதினொன்று.

"செட்டு கட்டி மாட்டிவிட்டா முறுக்கு கடிக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போன அக்கா, ஜன்னல் வழியாக அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காருக்குரிய கியர்பாக்ஸ் எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்தது, அதே கம்பெனி செய்த ரொட்டி வேன் ஒன்றினுடையது. பொருந்தும், ஆனால் ஒரு சிக்கல் என்று மெக்கானிக் அக்காவிடமும் என்னிடமும் சொன்னார். அத்தான் அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

"வேகம் காட்டுற முள்ளுக்கு இதுல ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும்மா. வேனோடது வேற கணக்கு. தொண்ணூறுல போனா நூத்தி இருபதுன்னு காட்டும். சின்ன சாமான்தான், தேடி மாத்திடறேன்."

அக்கா குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "மாத்தாதீங்கண்ணே."

"சாருக்குத் தெரிஞ்சா..."

"நீங்க சொல்லாட்டி எப்படித் தெரியும்? வித்தா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு. இப்படியே இருந்தா அவருக்கு நூத்தி இருபது, எனக்குத் தொண்ணூறு. ரெண்டு பேருக்கும் நிம்மதி."

ஞாயிறு காலை மூவரும் கிளம்பினோம். நான் பின்சீட்டில். நெடுஞ்சாலையில் முள் எண்பது, நூறு, நூற்றிருபது என்று ஏறியது. அத்தான் ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தார். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு ரொட்டி வேன் எங்களை முந்திப் போனது.

"ரொட்டியை வச்சுக்கிட்டு நூத்தி முப்பதுல போறான், கிறுக்கன்," என்றார் அத்தான்.

"நீங்க பாத்து ஓட்டுங்க," என்றாள் அக்கா கொட்டாவியை அடக்கியபடி.

கார் தப்பித்தது.

புதன்கிழமை அதை நான் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். டிஷ்யூ தேடி டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தபோது, ஒரு சின்னப் பல்சக்கரம் கையில் அகப்பட்டது. ஈறு நிறத்தில், பளபளவென்று, பொய்ப்பல் செட்டுக்கு ஊற்றும் பிளாஸ்டிக்கில் செய்தது. திரும்பி வந்து நீட்டினேன்.

அத்தான் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பட்டறைக்கு ஒன்பது கிலோமீட்டர். பதினோரு வருஷமா போறேன். திங்கக்கிழமை மீட்டர்ல பன்னெண்டு ஓடியிருந்துச்சு. விடுவேனா? வேன் சக்கரத்தைக் கழட்டிப் பல்லை எண்ணி, சரியான கணக்குல இதை அன்னைக்கே செஞ்சுட்டேன்."

"அப்புறம் ஏன் மாட்டல?"

"உங்கக்கா நூத்தி இருபதுல பயப்படாம வந்தாடி. பக்கத்து வீட்டுலகூடச் சொல்லியிருக்கா. வெறும் தொண்ணூறுதான்னு தெரிஞ்சா அவ மூஞ்சி சின்னதாயிடும். வாயைத் திறந்துடாத."

அடுத்த ஞாயிறும் போனோம். முள் நூற்றிருபதைத் தொட்டது. இன்னொரு ரொட்டி வேன் முந்தியது.

"ஏங்க, அவனை முந்துங்களேன்," என்றாள் அக்கா.

"வேணாம்மா. நீ இவ்வளவு தைரியமா வர்றதே பெருசு."

அக்கா உள்கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வெளியே வேடிக்கை பார்க்கத் திரும்பினாள். கொஞ்சம் பொறுத்து அதே கண்ணாடியில் அத்தான் கண்ணடித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பைச் சிரித்துவைத்தேன்.