பன்னீர்ச் செம்பும் பச்சை உப்பும்

பெண்கள் இயற்பியலுக்கு வரவேண்டும் என்று யாராவது மைக்கைப் பிடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தவளை என்ன செய்தீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் விருதுநகரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தேன். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். எங்கள் துறையில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். தலைப்பு: 'பெண்களை இயற்பியலுக்கு ஊக்குவிப்போம்.' பெங்களூரிலிருந்து ஒரு விஞ்ஞானி வருகிறார், பேசி முடித்துக் கேள்வி கேட்பார், நன்றாகப் பதில் சொல்லும் இரண்டு பேரைக் கோடை விடுமுறையில் தன் ஆய்வகத்துக்கு அழைத்துக்கொள்வார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. எனக்கு அந்த இடம் வேண்டும். அப்படியே ஆராய்ச்சிக்குப் போய்விடலாம், வெடிமருந்து வாடை இல்லாத ஊரில் இருந்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டிவிட்டேன்.

அம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வந்துகொண்டிருந்தாள். எவ்வளவு கழுவினாலும் அவள் நக இடுக்கில் மருந்து இருக்கும். "பெங்களூருல குளிருமாமே. ஒரு கம்பளி எடுக்கணும் தாயி" என்று அவளும் ஆரம்பித்துவிட்டாள்.

முதல்நாள் துறைத்தலைவர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். "நாளைக்குப் பட்டுச்சேலை கட்டிட்டு வந்துருங்கம்மா. பொம்பளப் பிள்ளைக நின்னாத்தான் வாசலுக்கு ஒரு களை."

அம்மா பக்கத்து வீட்டு மதினியிடம் பட்டுச்சேலை இரவல் வாங்கித் தந்தாள். பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக நின்றோம். விருந்தினர் வந்தார், தெளித்தோம், உள்ளே போனார். நாங்களும் பின்னாலேயே போகப் பார்த்தோம். "பந்திக்கு ஆள் பத்தல. இலையப் போட்டுட்டு ஓடி வந்துருங்க" என்றார் துறைத்தலைவர். ஏன் போனாய் என்று கேட்பீர்கள். இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது, அதனால் போனேன். இலை போட்டு, தண்ணீர் வைத்து, அப்பளம் அடுக்கி நிமிர்வதற்குள் அரங்கத்தில் கைதட்டல் கேட்டது. எல்லாம் முடிந்திருந்தது. வகுப்புப் பையன்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

நான் ரச வாளியோடு வரும்போது விருந்தினர் துறைத்தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஈஸியான கேள்விதான் சார். பச்சை மத்தாப்பு ஏன் பச்சையா எரியுதுன்னு கேட்டேன். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைங்க, மத்த கேள்விக்கெல்லாம் சொன்ன அந்த ரெண்டு பேர்கூட இதுக்குச் சரியா சொல்லலையே."

"பேரியம் சார்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. "சூட்டுல எலெக்ட்ரான் மேல் நிலைக்குப் போயிட்டு இறங்கும்போது பச்சை அலைநீளத்துல ஒளி விடும். கம்பெனியில அதுக்குப் பச்சை உப்புன்னு பேரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அடடே, நீ பிசிக்ஸா? அங்கயே கையைத் தூக்கிச் சொல்லியிருக்கலாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் துறைத்தலைவர் சிரித்தார். "பொம்பளப் பிள்ளைக, கூச்சப்படும் சார்."

"அந்தக் கூச்சம் போகணும்மா. அதைத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்" என்றவர், ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்தார். ஊற்றினேன். அந்த வாளியை அவர்கள் இரண்டு பேர் தலையிலும் கவிழ்த்திருக்க வேண்டும். இன்றைக்கும் கை துறுதுறுக்கிறது.

சாயங்காலம் அம்மா வேனிலிருந்து இறங்கியதும் கேட்டாள். "என்ன கேள்வி கேட்டாக?"

சொன்னேன்.

"ஆத்தாடி, இம்புட்டுத்தானா! பச்சை உப்பு போட்டா பச்சையா எரியும். இதை எங்கிட்ட கேட்டா நானே சொல்லுவேனே. நீ சொல்லிட்டேல்ல?"

"சொல்லிட்டேன்ம்மா."

"பெறகென்ன, கம்பளி எடுத்துருவோம்" என்றாள். பொய் சொல்லவில்லை, சொல்லத்தான் செய்தேன். ஆனால் இடம் கிடைக்கவில்லை என்பதை அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

நாலைந்து வருடம் கழித்து, நான் பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருந்தபோது, அதே கல்லூரி என்னைப் பேசக் கூப்பிட்டது. பழைய மாணவி, சிறப்பு விருந்தினர். அதே தலைப்பு. கூச்சத்தை விடுங்கள், கையைத் தூக்குங்கள் என்று முக்கால் மணி நேரம் முழங்கினேன். கைதட்டல் அள்ளிக்கொண்டு போயிற்று. பந்தியில் உட்கார்ந்தேன். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் சாம்பார் வாளியோடு என் இலைக்கு முன்னால் குனிந்தாள். காலையில் எனக்குப் பன்னீர் தெளித்தவள்.

"மேடம், நான் எம்.எஸ்சி. பிசிக்ஸ். நல்லாப் பேசுனீகளாம், எல்லாரும் சொல்றாக. நாங்க இங்கன இருந்ததால கேக்க முடியல. என்ன மேடம் பேசுனீக?"

அவள் ஊற்றிய சாம்பார் இலையில் ஓடியது. அணை கட்டக்கூட எனக்குக் கை வரவில்லை.